மாநகராட்சியின் கதை – 17: கலைப்பதற்கு முன்பே காலியான மன்றம்

சென்னை மாநகராட்சி மன்றத்தை 1973-ல் ஏன் கலைத்தார்கள் என்று கேட்டால், விவரம் தெரிந்த சென்னைவாசி இரண்டே சொற்களில் பதில் சொல்லிவிடுவார்: மஸ்டர் ரோல். தினக்கூலிகளின் வருகைப் பதிவேட்டில் இல்லாத ஆட்களின் பெயர்களை எழுதி, அந்தப் பெயர்களுக்கான கூலியை வேறு யாரோ வாங்கிக்கொண்ட ஊழல் அது. விவகாரம் வெடித்தது, அரசு மன்றத்தைக் கலைத்தது, மாநகராட்சியின் ரிப்பன் கட்டடத்தில் தனி அலுவலர் வந்து உட்கார்ந்தார். அடுத்த மேயரைப் பார்க்க நகரம் 1996 வரை, 23 ஆண்டுகள் காத்திருந்தது. இந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. அதிலிருந்து நாம் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் முடிவில்தான் கோளாறு. கவுன்சிலர்களிடம் நகரத்தைக் கொடுத்துப் பார்த்தோம், தின்று தீர்த்தார்கள், அதனால்தான் குடிநீருக்கு ஒரு வாரியம், வீட்டுக்கு ஒரு வாரியம், குடிசைக்கு ஒரு வாரியம், மனைக்கு ஒரு குழுமம் என்று பிரித்துவைக்க வேண்டியதாயிற்று என்பது அந்த முடிவு. தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் இது நிற்காது. முதல் அமைப்பு மன்றத்துக்கு வெளியே முளைத்தது ஊழலுக்குக் கால் நூற்றாண்டு முன்பு. 1973-ல் பூட்டுப் போட்டபோது, நகரம் எப்படி வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்புகளில் தண்ணீரும் சாக்கடையும்தான் மன்றத்தின் கையில் மிச்சம் இருந்தன. ஐந்தாண்டுகள் கழித்து, தட்டிக் கேட்கக் கவுன்சிலர் என்று ஒருவர்கூட இல்லாத நேரத்தில், அவையும் போயின.

இழந்தது என்ன என்று தெரிய, இருந்தது என்ன என்று பார்க்க வேண்டும். இந்தத் தொடரின் தொடக்கத்தில், மாநகராட்சியை அமைத்த 1687-ஆம் ஆண்டு டிசம்பர் சாசனத்தைப் பற்றிப் பேசினோம். அடுத்த ஆண்டு செப்டம்பர் 29-ல் நதானியேல் ஹிக்கின்சன் முதல் மேயராகப் பதவியேற்றார். 12 ஆல்டர்மேன்கள், 60 பர்ஜெஸ்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவர் ஜோசையா சைல்டு இந்த ஏற்பாட்டைச் செய்தது சென்னை மக்கள் மீதிருந்த பாசத்தால் அன்று. கோட்டையின் கவர்னர் வரி கேட்டால் கறுப்பர் நகரத்தில் கடையடைப்பும் முணுமுணுப்பும்தான் மிச்சம். தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட வரி என்றால் ஐந்து ஷில்லிங்கும் மனமுவந்து தருவார்கள், மேலிருந்து திணித்தால் ஆறு பென்ஸ்கூடப் பெயராது என்பது சைல்டின் கணக்கு. வியாபாரியின் கணக்குதான், ஆனால் தவறான கணக்கில்லை. வரி போடுகிற அதிகாரமும், அந்தப் பணத்தில் என்ன செய்வது என்று பேசுகிற இடமும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று தந்திரமாக உள்ளே வந்தது. வரி செலுத்துவோருக்கு 1878-ல் வாக்குரிமை கிடைத்து, 1919-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தில் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் வந்தபோது, அந்தத் தந்திரம் உரிமையாக மாறியிருந்தது.

அந்த உரிமை வேலை செய்த விதத்தைக் கிட்டே போய்ப் பார்க்க ஒரு அணாக் கணக்கு இருக்கிறது. 1920 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் முன் வந்த பொருள், ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மத்தியானம் சிற்றுண்டி கொடுக்கலாமா என்பது. தலைவர் பிட்டி தியாகராயர் சொன்ன காரணம் எளிமையானது: அங்கே படிப்பவர்கள் ஏழைப் பிள்ளைகள், பசியால் வருகை குறைகிறது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்போடு மன்றம் தீர்மானம் போட்டது. பெரிய கொள்கைப் பிரகடனம் எதுவும் இல்லை. ஒரு பள்ளி, ஒரு வேளை, ஒரு அணா. பிறகு வேறு நான்கு பள்ளிகளுக்கும் விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளில் 1922-23-ல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் 1,671 ஆனது. இரட்டிப்பு. இதைப் பார்த்து மகிழ்ந்திருக்க வேண்டிய அரசு, தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யக் கூடாது என்று கணக்கில் கை வைத்தது. 1925 ஏப்ரல் முதல் தேதியோடு திட்டம் நின்றது. இரண்டு ஆண்டு கழித்து மறுபடி தொடங்கியது. மதிய உணவு என்றதும் காமராஜரும் எம்.ஜி.ஆரும் நினைவுக்கு வருவது நியாயம்தான், மாநிலம் முழுவதற்கும் அதைக் கொண்டுபோனவர்கள் அவர்கள். ஆனால் சோறு போட்டால் பிள்ளை பள்ளிக்கு வரும் என்று இந்த நகரத்தில் சோதித்துக் காட்டியது ஒரு மாநகராட்சித் தீர்மானம். அதை நிறுத்தியது மேலே இருந்த ஒரு கோப்பு. தெருவில் இருப்பவனுக்குத் தெரு தெரிந்தது, நிதிக் காப்பாளனுக்கு நிதித் தலைப்பு தெரிந்தது. இந்த இழுபறியை இந்தக் கதையில் பல முறை பார்க்கப் போகிறோம்.

தண்ணீரிலும் இதே மன்றம் சாதித்ததும் சறுக்கியதும் உண்டு. 1872-ல் செங்குன்றத்திலிருந்து திறந்த வாய்க்கால் வழியே வந்த நீர் வடிகட்டப்படாமலேதான் வீடுகளுக்குப் போனது. அதை மாற்றியவர் மாநகராட்சியின் சிறப்புப் பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லி, தியாகராய நகரில் மேட்லி ரோட்டைக் கடப்பவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும் என்பது சந்தேகமே. மூடிய கால்வாய், மணல் வடிகட்டிகள், கீழ்ப்பாக்கத்தில் நீரேற்று நிலையம் என்று அவர் வகுத்த திட்டம் 1914-ல் திறக்கப்பட்டது. 1961-ல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணித்து, ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 115 லிட்டர் வீதம் அவர் கணக்குப் போட்டிருந்தார். அரை நூற்றாண்டுக்குத் தாங்கும் என்று நினைத்த அந்தத் தொகையை நகரம் 1931 கணக்கெடுப்பிலேயே ஏறக்குறைய எட்டிவிட்டது: 6.47 லட்சம். 1961 வந்தபோது மக்கள் தொகை 17.29 லட்சம். இந்தத் தவறுக்கு மேட்லியைக் குறை சொல்லிப் பயனில்லை. போர், பிரிவினை, கிராமத்திலிருந்து பிழைக்க வருபவர் கூட்டம் எதையும் 1907-ல் யாரும் சூத்திரத்தில் அடைத்திருக்க முடியாது. தவறு தெரிந்த பின் யார் திருத்தினார்கள் என்பதே நமக்கு முக்கியம். 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலக, மாகாணம் கவர்னரின் நேரடி ஆட்சிக்குப் போயிற்று. நகரத்தில் தண்ணீர்ப் பஞ்சம். அப்போது தேர்தலில் வந்தவர்கள் உட்கார்ந்து பேசிய இடம் ரிப்பன் கட்டடம்தான்; அந்த ஆண்டு மேயர் எஸ். சத்தியமூர்த்தி. நகரத்துக்கு வெகு தொலைவில், பூண்டியில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் கட்டியே ஆக வேண்டும் என்று அவர் விடாமல் வாதாடி, 1940 ஆகஸ்டில் அடிக்கல் போட வைத்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இரும்பும் சிமெண்டும் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தன. அணை 1944-ல் திறந்தபோது அவர் இல்லை, 1943 மார்ச்சிலேயே காலமாகியிருந்தார். இதில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அன்றைய மேயர் பதவி ஓராண்டுப் பதவி. ஒரே ஆண்டில் ஒரு மனிதர் அவ்வளவு செய்ய முடிந்தது, அவர் வாதாட வேண்டிய பொருள் அவர் தலைமை தாங்கிய மன்றத்தின் பொருளாக இருந்ததால்தான்.

நகரமைப்புக்கு வருவோம். எச். வி. லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலேய நகரமைப்பாளர் சென்னையைச் சுற்றிப் பார்த்து 1918-ல் ஒரு நூல் எழுதினார். 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. தன் எல்லைக்குள் திட்டம் வகுக்கும் பொறுப்பை நகர்மன்றங்களிடமே அந்தச் சட்டம் வைத்தது; ஒப்புதல் தரும் அதிகாரத்தை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது. தியாகராய நகர் அந்தக் காலத்துப் பிள்ளை. மயிலாப்பூரின் நீண்ட ஏரியை வடித்து, அந்தப் படுகையில் மனை போட்டார்கள். மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோட்டில் நின்று பார்த்தால் இன்று எந்த ஏரியும் கண்ணில் படாது, பெயர்ப்பலகை மட்டும் சாட்சி. ஒரு ஏரியை வற்றவைத்துப் பதினைந்து ஆண்டுகளில் தண்ணீருக்காகப் பூண்டி வரை ஓடியது இந்த நகரம் என்பது கசப்பான வேடிக்கை. ஆனாலும் அந்தப் பேட்டையின் தெருக்களில் நடந்தால், முடிவெடுத்தவர்கள் யார் என்பது பலகையிலேயே எழுதியிருக்கிறது. பேட்டையே மாநகராட்சித் தலைவர் தியாகராயர் பெயரில். உஸ்மான் ரோடு மற்றொரு தலைவர் முகம்மது உஸ்மான் பெயரில். பூங்கா உள்ளாட்சித் துறையைக் கையில் வைத்திருந்த பனகல் அரசர் பெயரில். தற்பெருமைதான், சந்தேகமில்லை. அதே நேரத்தில் அது கையெழுத்தும்கூட. ஏரியைத் தூர்த்தது யார் என்று பேரன் கேட்டால் காட்டுவதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பின்னாளில் தென்சென்னையின் சதுப்பிலும் ஏரிகளிலும் எழும்பிய கட்டடங்களுக்கு அப்படி யார் பெயரைக் காட்டுவது?

இனி, போன கதை. நாடு விடுதலை பெற்ற 1947-ல் சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற தனி அமைப்பு வந்தது. மனை எடுப்பது, வீடு கட்டுவது அதன் வேலை. நந்தனத்தை ஒட்டிய சி.ஐ.டி. நகர் அதன் நினைவுச் சின்னம். துப்பறியும் போலீசார் குடியிருந்த இடம் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்பவர்கள் இன்றும் உண்டு. 1961-ல் அந்த டிரஸ்ட் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியமாக மாறி, மாநிலம் முழுவதும் கிளை பரப்பியது. தியாகராய நகரை உருவாக்கியதில் பங்கு கொண்ட மன்றம், அண்ணா நகர், அசோக் நகர் எழும்பும்போது வேடிக்கை பார்த்தது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. அடுத்த ஆண்டு அதற்கென்று சட்டம். கூவம் கரையிலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் இருந்த குடிசைப் பகுதிகளின் விதி அங்கே போயிற்று. அந்தக் குடிசைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்டு இருந்தது, அந்த வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இருந்தார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 1971-ல் நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் வந்து 1920 சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. 1972-ல் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் தற்காலிக அமைப்பாகத் தோன்றி, 1974-ல் சட்டபூர்வ அதிகாரம் பெற்றது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில்தான் மஸ்டர் ரோலும் கலைப்பும் வருகின்றன. 1978-ல் தனிச் சட்டம் போட்டுக் குடிநீர் வழங்கல் கழிவுநீரகற்று வாரியம் அமைத்தார்கள்; மேட்லியின் கீழ்ப்பாக்கம் உட்பட எல்லாம் அதன் கைக்கு மாறின. ஆக, வீடு, குடிசை, மனை மூன்றும் ஊழல் வெடிக்கும் முன்பே கைமாறிவிட்டன அல்லது கைமாறத் தொடங்கிவிட்டன. தண்ணீர் ஒன்றைத்தான் ஊழலுக்குப் பின் வந்ததாகச் சொல்லலாம். அதற்கும் ஊழல் காரணமாகச் சொல்லப்படவில்லை, நிபுணத்துவமும் கடன் வசதியும்தான் சொல்லப்பட்டன.

ஊழல் நடந்தது உண்மைதானே, நீ மன்றத்துக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. அன்றைய கவுன்சிலர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நிரூபிக்க எனக்கு ஆசையுமில்லை, ஆதாரமுமில்லை. ஆனால் மஸ்டர் ரோல் என்பது நிர்வாகம் எழுதி, நிர்வாகம் சரிபார்த்து, நிர்வாகம் பணம் பட்டுவாடா செய்யும் ஏடு. 1919 சட்டத்திலிருந்தே அந்த நிர்வாகத்தின் தலைவர் ஆணையர். அவரை நியமிப்பது அரசு. கவுன்சிலர் சிபாரிசு செய்து ஆளைச் சேர்த்திருக்கலாம், பங்கும் வாங்கியிருக்கலாம். இல்லாத ஆளை இருப்பதாக எழுதிய பேனா அலுவலகத்துப் பேனா. இரு தரப்புக்கும் பொதுவான குற்றத்துக்கு ஒரு தரப்பு வீட்டுக்குப் போனது, மறு தரப்பு மொத்த அதிகாரத்தையும் பெற்றது. தண்டனையின் நீளமும் கவனிக்கத்தக்கது. ஒரு சட்டமன்றம் கலைந்தால் தேர்தல் எப்போது என்ற கேள்வி அடுத்த நாளே எழுகிறது. மாநகராட்சிக்கு 23 ஆண்டுகள் அந்தக் கேள்வியை எழுப்ப எந்தக் கட்சியும் அவசரப்படவில்லை. கலைத்தது ஒரு கட்சி, கலைந்தபடியே வைத்திருந்ததில் பல ஆட்சிகளுக்குப் பங்குண்டு. பொறுப்பைப் பறிப்பதுதான் ஊழலுக்கு மருந்து என்றால் அந்த மருந்து மேலே இருப்பவர்களுக்கும் பொருந்த வேண்டும். வீராணத்திலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய திட்டம் மாநில அரசின் திட்டம். அதன் குழாய் ஒப்பந்தம் பற்றிய குற்றச்சாட்டுகள் சர்க்காரியா கமிஷன் வரை போயின. குழாய்கள் சாலையோரம் கிடந்து வீடில்லாதவர்களுக்குக் கூரையானதைத் தமிழகம் பார்த்தது. அதற்காகக் குடிநீர்த் துறையை மாநிலத்திடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுக்கலாம் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. ஊழல் செய்தவரைத் தண்டிக்கலாம், அடுத்த தேர்தலில் மாற்றலாம். இந்த நியாயம் கோட்டைக்குக் கிடைத்தது, ரிப்பன் கட்டடத்துக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிட வலுவானது. நகரம் எல்லை தாண்டி வளர்ந்துவிட்டது; ஆறும் ஏரியும் வார்டு எல்லை பார்த்து ஓடுவதில்லை; ஒரு மாநகராட்சி எப்படி அதையெல்லாம் ஆள முடியும்? 2011-ல் விரிவாக்கும் வரை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர். பெருநகர்ப் பகுதி என்று குழுமம் திட்டமிட்டது 1,189 சதுர கிலோமீட்டர். கிருஷ்ணா நீர் என்றால் ஆந்திரத்தோடு 1983-ல் போட்டது போன்ற ஒப்பந்தம் வேண்டும். அதை ஒரு மேயர் போய்ப் போட முடியாது. ஒப்புக்கொள்கிறேன். மூல நீரைப் பொறுத்தவரை இந்த வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. செங்குன்றமும் பூண்டியும் நகர எல்லைக்கு வெளியே இருந்தும் நகர மன்றம்தான் அவற்றைப் பேசி எடுத்தது என்று ஞாபகப்படுத்தலாம், அவ்வளவே. ஆனால் தூரத்து ஆற்றைக் கொண்டுவரப் பெரிய அமைப்பு வேண்டும் என்பதிலிருந்து, தெருமுனைக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுவது என்பதையும் அந்த அமைப்பே முடிவு செய்ய வேண்டும் என்று எப்படி வருகிறது? மொத்தமாகக் கொண்டுவருவது ஒரு வேலை, ஊருக்குள் பங்கிடுவது வேறு வேலை. பரப்பு பெரிது என்பதும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை விலக்கக் காரணமாகாது. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது: பெருநகரத்துக்குத் திட்டமிட ஒரு குழு, அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினரை அந்தப் பகுதியின் நகர்மன்ற உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய பரப்பையும் மக்கள் பிரதிநிதிகளையும் ஒன்றாக வைக்க முடியும் என்று 1993 முதல் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. சென்னையில் முழுமைத் திட்டத்தை எழுதுவது இன்றும் குழுமம்தான்; அதன் தலைவர் மாநில அமைச்சர்.

பழைய மன்றம் யாருடைய மன்றம் என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியாது. சொத்து வரி கட்டுவோர் வாக்களித்து, வெள்ளைக்கார வர்த்தக சபைகளுக்குத் தனி இடம் கொடுத்து அமைந்த சபை அது. அந்தச் சபைக்கு ஏங்குவது பணக்காரர்களின் ஆட்சிக்கு ஏங்குவதாகாதா? இந்தக் கேள்வியை வைத்து வரிசையை மறுபடி பார்த்தால் என் வாதம் வலுவடைகிறது என்றே நினைக்கிறேன். சொத்துள்ளவர்கள் மட்டும் வாக்களித்தபோது மன்றத்திடம் தண்ணீரும் நகரமைப்பும் இருந்தன. விடுதலைக்குப் பின் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு வந்தது, தாரா செரியன் முதல் பெண் மேயரானார், 1959-ல் தி.மு.க. மாநகராட்சியைப் பிடித்து அ. பொ. அரசு மேயரானார், கோட்டைக்குப் போவதற்கு எட்டு ஆண்டுகள் முன்னால். சேரிகளின் வாக்கு ரிப்பன் கட்டடத்துக்குள் நுழைந்த அதே காலகட்டத்தில்தான் வீடும் குடிசையும் மனையும் அங்கிருந்து வெளியேறின. வாக்குரிமை அகல அகல அதிகாரம் குறுகியது. இதைத் திட்டமிட்ட சதி என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு வாரியத்துக்கும் அந்தந்த நேரத்தில் நல்ல காரணம் ஒன்று இருந்தது. குடிசை மாற்று வாரியத்தின் அடுக்கு வீடுகளில் ஒழுகாத கூரை முதன்முதலாகக் கிடைத்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. காரணங்கள் தனித்தனியாக நல்லவை. மொத்தமாகக் கூட்டினால் கவுன்சிலருக்குக் குப்பையும் தெருவிளக்கும் மிஞ்சின. தகரம் தட்டும் வேலையை மட்டும் கொடுத்துவிட்டு, இவனுக்குப் பொன் வேலை தெரியவில்லை என்று சொல்வதில் என்ன நியாயம்?

1996-க்குப் பின் மன்றம் திரும்பியதே, என்ன மாறியது என்பார்கள். நேரடித் தேர்தலில் மேயரான மு. க. ஸ்டாலின் காலத்தில் மாநகராட்சியே மேம்பாலங்கள் கட்டியது. தனக்கென்று ஒரு வேலை கிடைத்தால் அந்த அமைப்பால் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. அப்போது கோட்டையிலும் அதே கட்சி, முதல்வர் மேயரின் தந்தை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். மற்றபடி திரும்பி வந்தது நாற்காலி, அதிகாரம் வரவில்லை. 74-ஆவது திருத்தத்தின் பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பொருள்கள். முதல் பொருளே நகரத் திட்டமிடல், ஐந்தாவது குடிநீர், பத்தாவது குடிசைப் பகுதி மேம்பாடு. ஆனால் இவற்றை மாநில சட்டமன்றம் நகர்மன்றங்களுக்குக் ‘கொடுக்கலாம்’ என்றுதான் வாசகம், ‘கொடுக்க வேண்டும்’ என்றில்லை. அந்த ஒரு விகுதியில் சென்னை நிற்கிறது. 2013 பிப்ரவரியில் அம்மா உணவகம் வந்தபோது அதை நடத்தியது மாநகராட்சி, இட்லி ஒரு ரூபாய். 1920-ல் மன்றம் சோறு போட நினைத்தது, அரசு தடுத்தது. 2013-ல் அரசு நினைத்தது, மாநகராட்சி நட்டத்தைச் சுமந்தது. திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். அடுப்பு மாறாமல், யார் சமைக்கச் சொல்வது என்பது மாறிவிட்டது. 2016-லிருந்து 2022 வரை மறுபடி மன்றமே இல்லை, தனி அலுவலர்கள்தான். 2022 மார்ச்சில் 200 வார்டுகளுக்கும் கவுன்சிலர்கள் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரி உயர்வை அரசு அறிவித்தது. மன்றம் பிறகு கூடித் தீர்மானம் நிறைவேற்றியது. ஜோசையா சைல்டின் கணக்கு தலைகீழாகிவிட்டது: மேலிருந்து விதித்த வரிக்கு, தாங்களே விதித்துக்கொண்டதாக ஒரு கையெழுத்து.

வீட்டுக்காரர் கையில் இரண்டு ரசீதுகள். ஒன்று மாநகராட்சிக்குக் கட்டிய சொத்து வரி. மற்றொன்று குடிநீர் வாரியத்துக்குக் கட்டிய தண்ணீர், கழிவுநீர் வரி. மாநகராட்சி நிர்ணயித்த ஆண்டு மதிப்பில் அது ஏழு சதவீதம். மதிப்புப் போடுவது ஒருவர், அதை வைத்து வசூலிப்பது இன்னொருவர், குழாயில் காற்று வந்தால் வீட்டுக்காரர் போய் நிற்பது கவுன்சிலர் வாசலில். மாநகராட்சிக்கும் வாரியத்துக்கும் நடுவே சட்டபூர்வமாக ஓடும் தாள்களில் தெருவில் எல்லாருக்கும் தெரிந்தது ஒன்றுதான், ‘ரோடு கட்’ அனுமதி. வாரியம் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்ட வேண்டுமானால் மாநகராட்சியிடம் மனுப் போட்டு, எத்தனை மீட்டர் நீளம், எத்தனை அகலம் என்று எழுதிக் கொடுத்து, வெட்டிய சாலையைச் சரிசெய்யும் செலவுக்குப் பணம் கட்ட வேண்டும். கீழ்ப்பாக்கத்திலிருந்து நகரம் முழுவதற்கும் குழாய் போட்ட மாநகராட்சி, குழாய் போட வருபவரிடம் பள்ளத்துக்கான தொகையை வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கிறது.

(தொடரும்)